ஆதனின் பானையும் மாங்குடி மருதனாரின் அடுப்பும்

அருங்காட்சியகத்தையும் ஒரு புத்தகம் மாதிரி வாசிக்கலாம். எதை முதல் அறையில் வைத்தார்கள், எதைக் கடைசிக்குத் தள்ளினார்கள், எந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே விளக்கு அதிகம், எந்தச் சொல்லை எழுதவே இல்லை என்று பார்த்துக்கொண்டே போனால், அங்கே ஒரு ஆசிரியர் இருப்பது தெரிந்துவிடும். பொருட்கள் பழையவையாக இருக்கலாம். அவற்றைக் கோத்திருக்கிற கதை எப்போதும் புதுசுதான்.

இப்படி ஒரு அருங்காட்சியகத்தை வாசித்துக் காட்டிய முன்னோடி மெக்சிகோ கவிஞர் ஒக்தாவியோ பாஸ். நம் ஆட்களுக்கு அவரை நோபல் பரிசு வாங்கிய கவிஞராகத் தெரியும். இந்தியாவில் மெக்சிகோ தூதராக இருந்தவர் என்றும் சிலருக்குத் தெரியும். ‘மதுரை’ என்ற தலைப்பிலேயே ஒரு சின்னக் கவிதை எழுதியிருக்கிறார். நான் இங்கே பேச வருவது அவருடைய கவிதையைப் பற்றி இல்லை. 1970-ல் அவர் எழுதிய ‘பின்குறிப்பு’ என்ற நூலில் மெக்சிகோ நகரத்துத் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தின் மேல் அவர் வைத்த விமர்சனத்தைப் பற்றி.

அந்தக் கட்டிடம் 1964-ல் திறக்கப்பட்டது. பழைய மெக்சிகோவின் எல்லாப் பண்பாடுகளுக்கும் அங்கே கூடங்கள் உண்டு. மாயாக்கள், தியோதிவாக்கான், ஓல்மெக்குகள், எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் நடுநாயகமாக இருப்பது அஸ்டெக் கூடம். மற்ற எல்லாமே அஸ்டெக்குக்கு வந்து சேருவதற்கான முன்னுரை மாதிரி ஆகிவிட்டன என்பது பாஸின் குற்றச்சாட்டு. ஏன் அஸ்டெக்? அவர்கள் அடக்கி ஆண்டவர்கள். சுற்றியிருந்த ஊர்களிடம் திறை வாங்கியவர்கள். இன்றைய அரசு தன்னை அந்த அடக்கி ஆண்டவர்களின் வாரிசாகத்தான் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறது என்றார் அவர். கண்காட்சியின் அமைப்பிலேயே அரசியல் இருக்கிறது, அதை யாரும் எழுதி மாட்டவில்லை, ஆனாலும் எல்லாரும் படித்துவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள்.

இந்த வாசிப்பை எடுத்துக்கொண்டு மதுரையிலிருந்து தென்கிழக்கே பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர் போனால் கீழடி வரும்.

*

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீழடி அருங்காட்சியகம் நல்ல அருங்காட்சியகம். 2023 மார்ச்சில் திறந்தார்கள். செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் முற்றமும் தூணுமாகக் கட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அருங்காட்சியகம் என்றாலே தூசி, மங்கலான டியூப்லைட், தூங்குகிற காவலாளி என்று பழகிப்போன நமக்கு இது பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். சிவகங்கை, அருப்புக்கோட்டை, மேலூர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கோயிலுக்கும் தியேட்டருக்கும் போகிற மாதிரி ஒரு ஜனக்கூட்டம் ஓட்டைப் பானையைப் பார்க்கப் போவது சாதாரணம் இல்லை.

அதன் பின்னால் இருக்கிற உழைப்பும் சாதாரணம் இல்லை. பள்ளிச்சந்தைத் திடல் என்று ஊர்க்காரர்கள் சொல்கிற தென்னந்தோப்பில் 2014-15-ல் இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணன் குழு தோண்ட ஆரம்பித்தது. இரண்டு கட்டம் முடிந்ததும் 2017-ல் அவர் அசாமுக்கு மாற்றப்பட்டார். மூன்றாம் கட்டத்தில் கட்டுமானங்களின் தொடர்ச்சி கிடைக்கவில்லை என்று சொல்லப்பட்டது. நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது. 2019 செப்டம்பரில் அந்தத் துறை வெளியிட்ட அறிக்கைதான் கீழடியை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று அமெரிக்க ஆய்வகம் ஒன்று சொன்னது. தமிழி எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகள் கிடைத்தன. செங்கல் சுவர்கள், உறைகிணறுகள், தக்களிகள், தங்க அணிகலன்கள், நூற்றுக்கணக்கில் சில்லு விளையாட்டுக்கான வட்டுகள், தந்தத்தில் செய்த பகடை. இவ்வளவும் வைகையின் ஓரத்தில்.

ஆக, பொருளில் குறை இல்லை. நான் பேச வருவது கோத்திருக்கிற நூலைப் பற்றி.

ஆறு தலைப்புகளில் கூடங்களைப் பிரித்திருக்கிறார்கள். மதுரையும் கீழடியும், வேளாண்மையும் நீர் மேலாண்மையும், கலம்செய்கோ, ஆடையும் அணிகலன்களும், கடல்வழி வணிகம், வாழ்வியல். இந்த ஆறையும் சத்தமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். உழுதார்கள், தண்ணீர் சேமித்தார்கள், பானை வனைந்தார்கள், நெய்தார்கள், கப்பல் ஏற்றினார்கள், விளையாடினார்கள். ஒருத்தரை ஒருத்தர் அடிக்கவே இல்லை. யாரும் யாருக்கும் அடங்கி இருக்கவில்லை. அரசன் என்ற ஆளைத் தலைப்பில் காணோம். போர் என்ற சொல்லைக் காணோம். பாஸின் மெக்சிகோவில் அருங்காட்சியகம் அதிகாரத்தை நடுவில் தூக்கி வைத்தது. நம் அருங்காட்சியகம் அதிகாரத்தையே வெளியே விட்டுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் எது பெரிய மறைப்பு என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். தூக்கி வைத்தால் குறைந்தபட்சம் அதைச் சுட்டிக்காட்டவாவது முடியும்.

“கிடைச்சதைத்தானே வைக்க முடியும்? அங்க போர்க்களமா கிடைச்சது?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கீழடி ஒரு குடியிருப்பு, தொழிற்கூடம் இருந்த இடம். அங்கே பாசிமணியும் தக்களியும்தான் கிடைக்கும். மண்ணில் இல்லாததைக் கொண்டுவந்து வை என்று யாரும் கேட்கக் கூடாது. ஆனால் அரசுத் தொல்லியல் துறை அறிக்கையின் தலைப்பிலேயே ‘சங்ககால நகர நாகரிகம்’ என்று இருக்கிறதே. அந்தச் ‘சங்கம்’ என்ற சொல் மண்ணுக்குள்ளிருந்து வரவில்லை. 1889-ல் உ.வே.சா. பதிப்பித்த பத்துப்பாட்டிலிருந்து, அதற்கு முன்னும் பின்னும் பதிப்பிக்கப்பட்ட மற்ற ஏடுகளிலிருந்து வந்தது. பானை ஓட்டுக்குப் பாட்டைத் துணைக்குக் கூப்பிடுகிறோம். கூப்பிட்டால் முழுப் பாட்டையும் கூப்பிட வேண்டும். பிடித்த இருபது வரியை மட்டும் கூப்பிட்டு மீதியை வாசலில் நிற்க வைக்க முடியாது.

இன்னொரு சின்ன உறுத்தலும் உண்டு. கி.மு. 580 என்ற அந்த ஒற்றைக் காலக்கணிப்புக்கும், மதுரையை வர்ணிக்கிற பாட்டு எழுதப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிற காலத்துக்கும் நடுவில் பல நூற்றாண்டுகள் இருக்கின்றன. ஏறக்குறைய நமக்கும் கம்பனுக்கும் நடுவில் இருக்கிற தூரம். கம்பன் காலத்துத் தஞ்சாவூரையும் இன்றைய தஞ்சாவூரையும் ஒரே படத்தில் ஒட்டினால் நாம் சிரிப்போம். சங்ககாலம் என்ற ஒரே சொல்லால் அதையே செய்யும்போது மட்டும் சிரிப்பு வருவதில்லை.

*

சரி, முழுப் பாட்டைக் கூப்பிடுவோம்.

மதுரைக்காஞ்சி 782 அடி. பத்துப்பாட்டில் இதுதான் நீளம். எழுதியவர் மாங்குடி மருதனார். பாடப்பட்டவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். சேரன், சோழன், ஐந்து வேளிர் என்று ஏழு பேரை ஒரே களத்தில் ஜெயித்தவன்.

பள்ளிக்கூடத்தில் நமக்கு இந்தப் பாட்டு ஒரு சுற்றுலாக் கையேடாக அறிமுகமாகிறது. பகல் கடை, ராத்திரிக் கடை, கொடிகள், பூ விற்கிறவர்கள், சங்கு அறுக்கிறவர்கள், மணி துளையிடுகிறவர்கள், துணி விற்கிறவர்கள், அறங்கூறும் அவை, பௌத்தர், அந்தணர், சமணர் இருக்கிற இடங்கள். ‘தூங்காநகரம்’ என்று இன்றைக்குப் பரோட்டாக் கடை போர்டில் எழுதுகிறோமே, அதற்கு மூலச் சான்று இதுதான் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பகுதிகள் அற்புதமானவை, சந்தேகமே இல்லை. நள்ளிரவில் திருடர்கள் நூலேணியோடு பதுங்குவதையும், அவர்களைப் பிடிக்கத் தூங்காமல் சுற்றுகிற காவலர்களையும் ஒரே மூச்சில் சொல்கிற கவிஞன் ஊரை உள்ளிருந்து பார்த்தவன்.

ஆனால் பாட்டு கடைவீதியில் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்த கொஞ்ச அடிகளிலேயே போர்க்களம் வந்துவிடுகிறது. ஆரம்பத்திலேயே ஒரு சமையல் வருகிறது. ஆண்களின் தலைகள் அடுப்புக் கற்கள். உலையில் தண்ணீருக்குப் பதில் ரத்தம். வளையணிந்த வெட்டுண்ட கை துடுப்பு. சமையல்காரன் துழாவிச் சமைக்கிறான். களவேள்வி என்று இதற்குப் பெயர். அதற்குப் பிறகு பகைவர் நாடு எரிகிறது. ஊர்கள் பாழாகின்றன. நெல் வைத்திருந்த குதிரில் கூகை ஏறி உட்காருகிறது. இதையெல்லாம் தாண்டித்தான் நாம் மதுரைக் கடைவீதிக்குள் நுழைய முடியும்.

பாட்டின் கடைசிப் பகுதியில் விடிகிறது. அந்த விடியலில் ஊருக்குள் என்ன வருகிறது? போரில் பிடித்த யானைகள், குதிரைகள், கவர்ந்துவந்த மாட்டுக்கூட்டம், பணிந்தவர்கள் கொண்டுவந்த திறை. கடைவீதிக்கு முன்னால் எரிந்த ஊர், கடைவீதிக்குப் பின்னால் கொள்ளைப் பொருள். நடுவில்தான் நாம் கொண்டாடுகிற அங்காடி. மருதனார் கட்டிய வரிசை இது. வளம் எங்கிருந்து வந்தது என்று அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை, ஏனென்றால் அது அவருக்குப் பெருமை. நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து மாட்டியது நாம்தான்.

இங்கே அஸ்டெக்குகளை மறுபடி கூப்பிடுகிறேன். அஸ்டெக் என்று சொன்னதும் உங்கள் மனதில் என்ன வந்தது? பிரமிடுப் படி, கத்தி, துடிக்கிற இதயம். எனக்கும் அதுதான். தெனோச்தித்லான் என்ற அவர்களுடைய தலைநகரம் தெஸ்கோகோ ஏரிக்கு நடுவில் ஒரு தீவில் இருந்தது, சேற்றை அள்ளிப் போட்டுத் தண்ணீருக்குள்ளேயே வயல் உண்டாக்கி விவசாயம் செய்தார்கள், பக்கத்து த்லதெலொல்கோ சந்தையில் தினமும் அறுபதாயிரம் பேர் வாங்கினார்கள் விற்றார்கள் என்று அந்த ஊரை அழிக்க வந்த கோர்த்தேஸே வாய்பிளந்து எழுதியிருக்கிறான். அதெல்லாம் நமக்கு இரண்டாவதாகத்தான் ஞாபகம் வரும். சந்தை இருந்தும் அவர்கள் ரத்தத்தால் நினைக்கப்படுகிறார்கள். ரத்தம் இருந்தும் நாம் சந்தையால் நினைக்கப்பட விரும்புகிறோம்.

இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. மருதனாரின் அடுப்பு ஒரு கவிதைப் படிமம். மதுரையில் யாரும் தலையை அடுப்பாக்கியதற்கு மண்ணில் சான்று கிடையாது. மெக்சிகோ நகரத்தில் 2015-ல் பேராலயத்துக்குப் பின்னால் தோண்டியபோது மண்டையோட்டு அடுக்கே கிடைத்தது, அதில் பெண்களும் குழந்தைகளும்கூட இருந்தார்கள். வித்தியாசம் பெரியது. ஆனால் படிமம் என்பதும் ஒரு சான்றுதான். அந்தச் சமூகம் எதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது, எதைப் பாடினால் பரிசில் கிடைத்தது என்பதற்குச் சான்று. எதிரியின் தலையில் உலை வைக்கிற கற்பனை அரசவையில் நடுங்க வைக்கவில்லை, கைதட்டல் வாங்கியது. இந்த உண்மை ஒரு பானை ஓட்டில் கிடைக்காது. பாட்டில்தான் கிடைக்கும்.

*

போன வருஷம் நான் போயிருந்த அன்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் வந்திருந்தது. கூட வந்த வாத்தியார் எழுத்துப் பொறித்த ஓடுகளைக் காட்டி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏன் சார், இந்தப் பானைக்காரரு எந்த ஆளுக?” என்றார்.

வாத்தியார் சிரித்துக்கொண்டே, “அப்பல்லாம் சாதியே கிடையாதுங்கய்யா” என்றார்.

பெரியவர் கொஞ்ச நேரம் ஓட்டையே பார்த்தார். “அப்புறம் எப்பத்தான் வந்துச்சு?” என்றார். வாத்தியார் பிள்ளைகளை அடுத்த கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத எந்தப் பெருமையும் அரைப் பெருமைதான். இணையத்தில் நாம் பகிர்கிற கீழடிப் படங்களில் திரும்பத் திரும்ப வருகிற வாசகம் ‘சாதி இல்லை, மதம் இல்லை’. வழிபாட்டுக்குத் தெளிவான தடயம் கிடைக்கவில்லை என்று தொல்லியலாளர்கள் எச்சரிக்கையோடு சொன்னது, நம் கையில் வந்ததும் ‘மதமே இல்லை’ என்று ஆகிவிட்டது. தோண்டாத மண் இன்னும் எத்தனையோ ஏக்கர் இருக்கும்போது, கிடைக்கவில்லை என்பதும் இல்லை என்பதும் வேறு வேறு வாக்கியங்கள்.

சாதி விஷயம் இன்னும் சிக்கல். இன்றைய சாதி அமைப்பு அப்படியே அன்று இருந்தது என்று சொன்னால் அது தப்பு. ஆனால் புறநானூற்றில் ‘இழிசினன்’ என்ற சொல் இருக்கிறது. ‘புலையன்’ இருக்கிறது. துடி அடிக்கிறவனையும் கட்டில் பின்னுகிறவனையும் அந்தச் சொற்களால் கூப்பிடுகிறது பாட்டு. எவ்வளவு இழிவு, எப்படிப்பட்ட இழிவு என்று அறிஞர்கள் வாதாடலாம். வாதாட ஏதோ இருக்கிறது என்பதையே மறைப்பதுதான் பிரச்சினை. அந்தப் பெரியவருடைய கேள்விக்கு ‘அன்றே விதை இருந்ததா, இல்லையா’ என்று ஒரு கண்ணாடிப் பெட்டியில் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? பதில் எழுத வேண்டாம். கேள்வியை எழுதினால் போதும்.

பெண்கள் விஷயத்துக்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். கொண்டி மகளிர். கொண்டி என்றால் கொள்ளை. பட்டினப்பாலையில் இந்தச் சொல் வருகிறது. அங்கே போரில் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட பெண்கள் என்று பொருள் கொள்ளப்படுகிறது. அவர்கள் நீராடி வந்து பொது இடத்தில் விளக்கு ஏற்றுகிறார்கள். மதுரைக்காஞ்சியிலும் அதே சொல் வருகிறது. அங்கே பொருள் பரத்தையர். ஆண்களின் பொருளைக் கொள்ளை கொள்கிறவர்கள் என்று விளக்கம். ஒரு பாட்டில் கொள்ளையடிக்கப்பட்டவள், இன்னொரு பாட்டில் கொள்ளைக்காரி. ஒரே சொல். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுசாக விழுந்து கிடக்கிறதோ என்று எனக்குத் தோன்றும். சிறைபிடிக்கப்பட்டு வந்தவளுக்கு நகரத்தில் வேறு என்ன வழி இருந்திருக்கும்? இதை என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ‘ஆடையும் அணிகலன்களும்’ கூடத்தில் ஒரு கண்ணாடி வளையல் துண்டைப் பார்க்கும்போது, இதைப் போட்டிருந்தவள் இந்த ஊரிலேயே பிறந்தவளா என்ற கேள்வி அந்தச் சொல் தெரிந்தவனுக்குத்தான் வரும். இலக்கியம் தொல்லியலுக்குச் செய்யக்கூடிய உதவி இதுதான். அலங்காரமாக ஒரு வரியை ஒட்டுவது இல்லை, பொருளைப் பார்க்கும்போது ஒரு சங்கடத்தை உண்டாக்குவது.

*

இப்போது எழுத்துக்கு வருகிறேன். கீழடியின் ஆகப் பெரிய பெருமை அந்த எழுத்துப் பொறித்த ஓடுகள். குவிரன், ஆதன் என்று பெயர்கள். பானை சுட்டபிறகு எதையோ கூராக வைத்துக் கீறியிருக்கிறார்கள். சாமானியர்களும் எழுதத் தெரிந்தவர்கள் என்பதற்கு இதுவே சாட்சி என்று சொல்லப்படுகிறது. ஓரளவுக்கு அது சரி. அரசன் வெட்டிய கல்வெட்டு இல்லை இது. பானைக்குச் சொந்தக்காரன் கீறியது. உலகத்தின் எத்தனையோ பழைய ஊர்களில் எழுத்து கோயிலிலும் அரண்மனையிலும் அடைந்து கிடந்தபோது இங்கே அது அடுப்படிக்கு வந்துவிட்டது.

ஆனால் பெயர் எழுதுவதற்கு ஒரு காரணம் வேண்டும். ‘இது என்னுது’ என்று சொல்ல வேண்டிய அவசியம் இருப்பவன்தான் பெயர் எழுதுவான். கல்யாண வீட்டுக்குக் கடன் கொடுக்கிற எவர்சில்வர் பாத்திரத்தில் நாம் பெயர் வெட்டி வைக்கிற மாதிரி. ஆதனுக்குப் பெயர் எழுதிக்கொள்ள ஒரு பானை இருந்தது. பெயர் எழுதாத ஆயிரக்கணக்கான ஓடுகள் பக்கத்தில் கிடக்கின்றன. அவை எழுதத் தெரியாதவர்களுடையவையா, எழுத அவசியம் இல்லாதவர்களுடையவையா, எழுத உரிமை இல்லாதவர்களுடையவையா? மௌனமான ஓடுகளையும் படிப்பதுதான் விமர்சனம்.

அஸ்டெக்குகளின் விஷயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. அவர்கள் 1521-ல் தோற்றார்கள். தோற்றபிறகுதான் அவர்களைப் பற்றி மிக விரிவான நூல் எழுதப்பட்டது. பெர்னார்தினோ தெ சஹாகுன் என்ற பாதிரியாரும், அவரிடம் படித்த நாஹுவா இளைஞர்களும் சேர்ந்து ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்துக் கேட்டு, நாஹுவாத்ல் மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் பன்னிரண்டு பகுதிகளாகத் தொகுத்தார்கள். ஃபுளோரன்ஸ் நகரத்து நூலகத்தில் இருப்பதால் ஃபுளோரன்ஸ் சுவடி என்று பெயர். கடவுளும் சடங்கும் மட்டும் அதில் இல்லை. நல்ல குயவன் எப்படி இருப்பான், மோசமான குயவன் எப்படி இருப்பான், சந்தையில் ஏமாற்றுகிறவள் என்ன செய்வாள் என்பது வரைக்கும் இருக்கிறது. கேட்டது ஜெயித்தவனின் மதம், சொன்னது தோற்றவனின் வாய். அதனால் அந்த நூலை முழுசாக நம்பவும் முடியாது, விடவும் முடியாது.

நமக்கு அப்படி ஒரு நூல் இல்லை. நமக்குப் பாடியவர்கள் பரிசில் வாங்கியவர்கள். சொன்னதில் பொய் இல்லாமல் இருக்கலாம், கோணம் இருக்கிறது. சாமானியனின் வாய் நமக்குக் கேட்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் மதுரையைச் சுற்றியே இருக்கிறது. அழகர்மலைக் குகையில் சமணத் துறவிகளுக்குத் தானம் கொடுத்தவர்கள் தங்கள் தொழிலோடு பெயரை வெட்டியிருக்கிறார்கள். உப்பு வணிகன் ஒருவன். கொழு விற்கிற ஒருவன். வெல்லப்பாகு விற்கிற ஒருவன். துணி வணிகன் ஒருவன். மதுரைப் பொற்கொல்லன் ஒருவன், அவன் பெயரும் ஆதன்தான். யாரும் எந்த அரசனையும் புகழவில்லை. நான் இந்தத் தொழில் செய்கிறேன், இதைக் கொடுத்தேன், அவ்வளவுதான். மருதனாரின் அங்காடியில் கூட்டமாக வந்துபோகிறவர்கள் இங்கே ஒவ்வொருவராக நின்று பெயர் சொல்கிறார்கள்.

*

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒருத்தர் கேட்கலாம்: “இப்ப இதைப் பேச வேண்டிய நேரமா?” அந்தக் கேள்வியின் வலி எனக்கும் தெரியும். அமர்நாத் ராமகிருஷ்ணன் 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார். 2025-ல் அதைத் திருத்தித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர் மறுத்தார். மறுபடி இடமாற்றம் வந்தது. ஒருவனுடைய கடந்த காலத்தையே டெல்லி சந்தேகமாகப் பார்க்கும்போது அவன் அதைப் பளபளவென்று துடைத்துத்தான் காட்டுவான். பெருமை இங்கே பகட்டு இல்லை, தற்காப்பு.

ஆனால் தற்காப்புக்காகத் துடைத்த பொருளில் முதலில் அழிவது கீறல்கள்தான். தொல்லியலில் கீறல்தான் எழுத்து.

பாஸிடமிருந்து இரண்டாவது பாடமும் இருக்கிறது. அது அவருடைய சறுக்கல் என்றே நினைக்கிறேன். 1968 அக்டோபர் 2-ஆம் தேதி த்லதெலொல்கோ சதுக்கத்தில் மாணவர்களை ராணுவம் சுட்டுக் கொன்றது. அதை எதிர்த்துத்தான் பாஸ் டெல்லியில் தூதர் பதவியைத் துறந்தார். பழைய சந்தை இருந்த அதே த்லதெலொல்கோ. 1521-ல் அஸ்டெக்குகள் கடைசியாக நின்று தோற்றதும் அங்கேதான். ‘பின்குறிப்பு’ நூலில் பாஸ் அந்தப் படுகொலையில் பழைய பலிபீடம் திரும்பி வந்ததைப் பார்த்தார். படிக்கும்போது மயிர்க்கூச்செறியும். ஆனால் சுட உத்தரவு போட்டது பிரமிடு இல்லை. பெயரும் பதவியும் உள்ள ஒரு அரசாங்கம். எல்லாவற்றையும் ரத்தத்தில் ஊறிய பழங்காலத்தின் கணக்கில் எழுதினால் இன்றைய கொலைகாரன் தப்பித்துவிடுவான்.

அதனால் நான் மருதனாரின் அடுப்பைக் காட்டுவதை, ‘பார், தமிழன் அன்றே இப்படித்தான்’ என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘நம்மிடம் சாதியே இல்லை, வந்தேறிகள் கொண்டுவந்தது’ என்பதும், ‘எல்லாம் ஆதியிலிருந்தே இருந்தது, என்ன பண்ண’ என்பதும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. இரண்டிலும் இன்றைக்கு இந்த ஊரில் தனிச் சுடுகாடு வைத்திருக்கிறவனுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.

கடந்த காலத்தோடு நாம் வைத்துக்கொள்ளக்கூடிய நேர்மையான உறவு சொந்தக்கார உறவுதான். சொந்தத் தாத்தாவைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும். கிணறு வெட்டினார், ஊருக்குத் தண்ணீர் கொடுத்தார், பண்ணையாளை மரத்தில் கட்டி அடித்தார். மூன்றையும் ஒரே வாயால் சொல்கிற பேரனைத்தான் நான் நம்புவேன். முதல் இரண்டை மட்டும் சொல்கிறவன் சொத்துக்கு வந்தவன்.

கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை. கீழடி ஜனங்களின் புதைகாடு என்று கருதப்படுகிற இடம். முதுமக்கள் தாழிகள் வரிசையாகக் கிடைத்தன. அங்கே எடுத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளை வைத்து, லிவர்பூலில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் 2025-ல் முகங்களை வரைந்து கொடுத்தது. செய்தி வந்த அன்று எல்லாரும் பகிர்ந்தோம். நம்ம ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற முகங்கள். ‘எங்க சித்தப்பா மாதிரியே இருக்காரு’ என்று ஒருத்தர் எழுதியிருந்தார்.

அந்த முகங்களுக்குப் பெயர் இல்லை. அந்தப் பக்கம் ஆதனுக்கும் குவிரனுக்கும் பெயர் இருக்கிறது, முகம் இல்லை. அந்தப் பெயரை இந்த முகத்தில் ஒட்டிவிட நமக்குக் கை துறுதுறுக்கும். தாழிக்குள் இருந்தவர் பானைக்குச் சொந்தக்காரராகவும் இருக்கலாம். அதைச் சுமந்தவராகவும் இருக்கலாம்.